எண்பத்தொன்று, யாருக்கு?

"எண்பத்தொன்று" என்கிறது என்விடிஏ, பார்வையற்ற எனக்குத் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள். சரி, யாருக்கு? எந்தப் பாடத்தில்?

பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வு மதிப்பெண் பட்டியலை வேர்டில் திறந்து வைத்துக்கொண்டு கீழ் அம்புக்குறியைத் தட்டியபடி உட்கார்ந்திருக்கிறேன், எண்கள் மட்டும் காதில் விழுந்துகொண்டே இருக்கின்றன. கண் தெரிந்த டீச்சர் என்றால் அந்த எண்ணில் விரலை வைத்து, மேலே ஒரு பார்வை, இடது பக்கம் ஒரு பார்வை, முடிந்தது. எனக்கு அட்டவணை ஒரே நூலில் கோத்த மணி மாதிரி ஒவ்வொன்றாகத்தான் வரும். நான் எந்த மணியைத் தொட்டுக்கொண்டிருக்கிறேன் என்று தெரியாவிட்டால் எல்லாம் வெறும் எண்.

அட்டவணையில் வழி தவறாமல் நகர்வது எப்படி என்று பார்வையற்ற புது ஆசிரியர் ஒருவர் போனில் கேட்டார், அவருக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதி வைக்கிறேன். முதலில் வெறும் அம்புக்குறியை மறந்துவிடுங்கள். ஒரு கட்டத்துக்குள் மூன்று வரி இருந்தால் மூன்று முறை தட்டினால்தான் அடுத்த கட்டம். கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு அம்புக்குறியைத் தட்டினால் கட்டம் விட்டுக் கட்டம் தாவலாம், எந்தத் திசையிலும். ஜாஸ் என்ற இன்னொரு திரை படிக்கும் மென்பொருளிலும் இதே விசைகள்தான். மேலிருந்து கீழாக ஒரு பத்தி முழுக்கக் கடகடவென்று கேட்க வேண்டுமா, அதோடு என்விடிஏ விசையையும் (வழக்கமாக இன்சர்ட்) சேர்த்துப் பிடித்துக் கீழ் அம்பு. இடமிருந்து வலமாக வரிசையைக் கேட்க வலது அம்பு.

அடுத்தது, நான் நாலைந்து வருடம் தெரியாமலே காலம் தள்ளியது. "தமிழ், ஆங்கிலம், கணிதம்" என்று தலைப்பு இருக்கும் வரிசையின் முதல் கட்டத்தில் நின்று என்விடிஏ, ஷிஃப்ட், சி. பெயர்ப் பத்தியின் மேலே நின்று என்விடிஏ, ஷிஃப்ட், ஆர். அவ்வளவுதான், அதன்பின் பக்கவாட்டில் நகர்ந்தால் "கணிதம், எண்பத்தொன்று" என்று வரும், கீழே இறங்கினால் பிள்ளையின் பெயரோடு வரும். இது கோப்புக்குள்ளேயே புக்மார்க்காகப் பதிந்துவிடுகிறது, சேமித்து அனுப்பினால் ஜாஸ் வைத்திருப்பவருக்கும் வேலை செய்யும்.

இதில் ஒரு கூத்தும் நடந்தது. ஒருநாள் தலைப்பெல்லாம் குறித்துவிட்டு என் பாடமான சமூக அறிவியலைக் கேட்க ஆரம்பித்தேன். இருபத்துநான்கு. இருபத்திரண்டு. இருபத்தைந்து. தேர்ச்சிக்கு 35 வேண்டும், வகுப்பே மொத்தமாக ஃபெயில்! ஒரு நிமிடம் வயிற்றைக் கலக்கிவிட்டது. மெதுவாகத் தடவிப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அறிவியலுக்கு எழுத்து 75, செய்முறை 25 என்று கீழே இரண்டு பத்தி, மேலே தலைப்பை மட்டும் ஒன்றாக இணைத்து நடுவில் "அறிவியல்" என்று அழகாகப் போட்டிருக்கிறார்கள். தலைப்பு வரிசையில் ஒரு கட்டம் குறைந்துவிட்டது, ஏழாவது கட்டத்தில் இருந்த "சமூக அறிவியல்" வந்து ஏழாவது பத்தியில் இருந்த செய்முறை மதிப்பெண்மேல் உட்கார்ந்துகொண்டது. கண்ணுக்கு லட்சணமாக இருக்கும் அந்த ஒரு இணைப்பு காதுக்கு இவ்வளவு பெரிய பொய்யைச் சொல்கிறது. "அறிவியல் எழுத்து", "அறிவியல் செய்முறை" என்று தனித்தனியாக எழுதினால் யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடாது.

டேப் விசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். டேப் தட்டினால் அடுத்த கட்டம் போகும், உண்மைதான், ஆனால் அங்கே ஏற்கெனவே இருப்பது தேர்வாகிவிடும், கை தவறி ஓர் எழுத்து பட்டாலும் பழைய மதிப்பெண் காலி. கடைசிக் கட்டத்தில் தட்டினால் புது வரிசை ஒன்று முளைக்கும். என் வகுப்பில் 41 பேர், நான் திருப்பி அனுப்பிய பட்டியலில் அதற்கு மேலும் ஐந்து வரிசை. "யார் சார் இந்த அஞ்சு புது அட்மிஷன்?" என்று கேட்டார்கள்.

இன்னொன்று, வேர்டை விட்டு வெளியே வந்துவிட்டோம் என்று தெரியாமல் கண்ட்ரோல், ஆல்ட், கீழ் அம்பை அழுத்தாதீர்கள். சில பழைய கணினிகளில் அது திரையைத் தலைகீழாகத் திருப்பும் விசை. எனக்கா தெரியும்? நான் பாட்டுக்கு அரை மணி நேரம் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன், பக்கத்து மேசை சார்தான் வந்து, "என்ன சார், ஸ்கிரீன் சிரசாசனம் பண்ணுது?" என்றார். அதே விசைகளோடு மேல் அம்பு, நிமிர்ந்துவிட்டது.

சில கோப்புகளில் இந்த விசை எதுவுமே வேலை செய்யாது, ஏனென்றால் அது அட்டவணையே இல்லை. ஸ்பேஸ் தட்டித் தட்டி வரிசை கட்டியிருப்பார்கள், கோடுகள் தனியாக வரைந்தவை. இதைவிடக் கொடுமை பாமினி எழுத்துரு. அட்டவணை ஒழுங்காக இருக்கும், கட்டம் கட்டமாகத் தாவலாம், ஆனால் "தமிழ்" என்று எழுதிய இடத்தில் குரல் "ஜே கே பி ஓ செமிகோலன்" என்று படிக்கும். உள்ளே இருப்பது உண்மையில் அந்த ஆங்கில எழுத்துகள்தான், தமிழ் உருவம் எழுத்துருவில் மட்டும். கண்ணுக்குத் தமிழ், காதுக்கு கார் நம்பர் பிளேட். தமிழ் எழுத்தாகவே பதியும் யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, மாற்றிவிட்டால் விண்டோஸின் வள்ளுவர் என்ற தமிழ்க் குரலே நன்றாகப் படிக்கும்.

பட்டியல் தட்டச்சு செய்யும் அக்காவிடம் இரண்டே விஷயம் கேட்டுக்கொண்டேன். கட்டங்களை இணைக்க வேண்டாம். தேர்வுக்கு வராத பிள்ளைக்குக் கட்டத்தைக் காலியாக விடாமல் "வரவில்லை" என்று எழுதுங்கள், சின்னக் கோடு போட்டால் பல நேரம் குரல் அதை விழுங்கிவிடுகிறது. "இதைச் சொல்றதுக்கா இவ்ளோ நாள் சார்?" என்றார்.

போன வாரம் புதுப் பட்டியல் வந்தது. தலைப்பைக் குறித்துக்கொண்டு மேலிருந்து இறங்கினேன், இரண்டு இடத்தில் "வரவில்லை", 23ஆம் எண்ணுக்கு ஆங்கிலத்தில் மட்டும் காலி. போன் போட்டுக் கேட்டேன்.

"ஐயோ, அது நான் அடிக்க மறந்துட்டேன் சார். 67 போட்டுக்கோங்க."