கருவாட்டில் விழுந்த ஸ்ட்ரைக்கர்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் கேரம் போர்டு இல்லாத வீடு உண்டு, கேரம் பேசாத வீடு கிடையாது. 1991, 1995 என்று இரண்டு தடவை உலகச் சாம்பியனாகி, அர்ஜுனா விருதும் வாங்கிய மரிய இருதயம் பெயரை டீக்கடையில் சொல்லிப் பாருங்கள். யாராவது ஒருவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அவர்கூட நான் ஒரு போர்டு ஆடியிருக்கேன்" என்பார். எங்கள் தெருக் கணக்குப்படி அவர் குறைந்தது நானூறு பேரோடு ஆடியிருக்க வேண்டும். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் சென்னைப் பெண் காசிமா மூன்று தங்கம் அடித்துவிட்டு வந்ததிலிருந்து பொம்பளைப் பிள்ளைகளும் கிளப் வாசலில் வந்து நிற்கிறார்கள். கிளப்பில் போர்டு நாலு இருந்தது, ஸ்டாண்டு ஒன்றுதான். மற்ற மூன்று போர்டும் பெயின்ட் டப்பா மேல் உட்கார்ந்திருந்தன. சிவப்பை யாராவது வேகமாக அடித்தால் டப்பாவும் சேர்ந்து நகரும்.

"ஸ்டாண்டுதானே, நான் செஞ்சு தரேன்" என்று கூட்டத்தில் கை தூக்கியது என் தப்பு.

நான் பாரிமுனையில் கணக்கு எழுதுகிறவன். மரவேலையில் என் அனுபவம் என்று பார்த்தால், எட்டாம் வகுப்பில் செய்த ஒரு சோப்புப் பெட்டி. அதில் சோப்பு நிற்காது. இருந்தாலும் மூன்று ஸ்டாண்டு, பன்னிரண்டு கால் என்று மரம் அறுத்து வாங்கி வந்துவிட்டேன். உப்புத்தாளை வைத்துத் தேய்க்க ஆரம்பித்தால் ஒரு காலுக்கு ஒரு சாயங்காலம் போனது. மரம் வழவழப்பாவதற்கு முன்னால் என் கட்டைவிரல் ரேகை வழவழப்பாகி, ரேஷன் கடையில் விரல் வைத்தபோது மெஷின் என்னை யாரென்றே தெரியாது என்று சொல்லிவிட்டது. அம்மா போய்த்தான் சர்க்கரை வாங்கி வந்தார்.

அன்றைக்குத்தான் ஒரு சாண்டிங் மெஷின், அதாவது உப்புத்தாளைத் தானே ஓட்டி மரத்தைத் தேய்க்கிற மெஷின், வாங்குவது என்று முடிவு செய்தேன்.

பாரிமுனைப் பக்கத்துச் சந்து ஒன்றில் பழைய மெஷின் கிடைத்தது. மேலே 4 அங்குல அகலத்தில், 36 அங்குலச் சுற்று நீளத்தில் ஓடுகிற உப்புத்தாள் பெல்ட். பக்கவாட்டில் உப்புத்தாள் ஒட்டிச் சுற்றுகிற 6 அங்குல டிஸ்க், அதன் முன்னால் பொருளை வைத்துப் பிடிக்க ஒரு குட்டி மேஜை. காலி கேஸ் சிலிண்டர் கனம். கையேடு கேட்டேன். கடைக்காரர் நாலு பக்கம் கொடுத்தார், நாலும் போல்ட் படம். பெல்ட் தனியாகக் கழன்று கிடந்தது. அதை நானே மாட்டினேன். இரண்டு உருளை, ஒரு பட்டை, இதில் என்ன தப்பு வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மொட்டைமாடி. லுங்கி, தோளில் துண்டு, கையில் புத்தம்புதுக் கையுறை. மெஷினை ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் வைத்து சுவிட்சைப் போட்டேன். வங்... என்று கிளம்பியதும் ஸ்டூல் மெதுவாக நடக்க ஆரம்பித்தது. நானும் கூடவே நடந்தேன். கைப்பிடிச் சுவர் வரைக்கும் போய், இருவரும் அங்கேயே நின்றோம்.

சரி, முதலில் சின்னதாக ஏதாவது செய்து கை பழகிக்கொள்வோம் என்று பார்த்தால், சட்டைப் பையில் கிளப் பையன் ஒருவனின் ஸ்ட்ரைக்கர் இருந்தது. ஓரத்தில் ஒரு சின்ன உடைசல், "மாமா, இதைக் கொஞ்சம் தேய்ச்சுக் குடு" என்று கொடுத்திருந்தான். ஸ்ட்ரைக்கர் எவ்வளவு பெரிசு இருக்கும்? விதிப்படி விட்டம் 4.13 சென்டிமீட்டருக்குள், எடை 15 கிராமுக்குள். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, அதை இரண்டு விரலால் பிடித்து, வலது கைக்காரன் என்பதால் டிஸ்கின் வலது பக்கத்தில் வைத்தேன்.

டக்.

அவ்வளவுதான். விரலில் ஸ்ட்ரைக்கர் இல்லை. விரல் இருந்தது, இரண்டு தடவை எண்ணிப் பார்த்துக்கொண்டேன். ஸ்ட்ரைக்கர் மேலே எகிறி, எங்கள் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, அடுத்த மாடியையும் தாண்டி, அதற்கடுத்த மாடியில் விழுந்த சத்தம் கேட்டது. வாழ்க்கையில் நான் அடித்த ஒரே சுத்தமான ஷாட் அது.

"டேய்! இன்னாடா இது, வானத்துலருந்து பொத்தான் வுழுது!"

மூன்றாவது வீட்டு ஆயா. நெத்திலியைக் காயப்போட்டுவிட்டு, காக்கா விரட்ட குச்சியோடு உட்கார்ந்திருந்தவர். தட்டுக்கு நடுவில் சரியாக விழுந்திருக்கிறது. "ஆயா, அது ஸ்ட்ரைக்கர்!" என்று கத்தினேன். "எதா இருந்தா இன்னா? மண்டைல வுழுந்திருந்தா?" என்றார். பதில் இல்லை. இன்று வரை இல்லை.

இந்தச் சத்தத்தில் கீழ்வீட்டு மேஸ்திரி மாடிக்கு வந்தார். காசிமேட்டில் மரப் படகு கட்டிய கை. எழுபதைத் தாண்டியவர். வந்தவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, நேராகப் போய் பிளக்கைப் பிடுங்கினார்.

"தம்பி, இந்தக் கை எவ்ளோ வருஷம் வேலை பாத்திருக்கு தெரியுமா?" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "பத்தும் இருக்கா பாரு. பத்தும் இருக்கணும்னா நான் சொல்றத கேளு."

நான் கையுறையை எடுத்துக் காட்டினேன், பாதுகாப்புக்கு என்று. சிரித்தார். "மெஷின் உறையைப் புடிக்கும், உறை உன் கையைப் புடிக்கும். சுத்தற மெஷின்கிட்ட வெறுங்கைதான்." அது போய் மூலையில் விழுந்தது. அடுத்தது துண்டு. அப்புறம் லுங்கி. "பேண்ட் போட்டுனு வா." போய் மாற்றிக்கொண்டு வந்தால், என் மணிக்கட்டைப் பார்க்கிறார். திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலில் கட்டிய கயிறு, நுனி இரண்டு அங்குலம் தொங்கிக்கொண்டிருந்தது. "இத்த அறுத்துடு" என்றார். துணி காயப்போட வந்த அம்மா காதில் இது விழுந்துவிட்டது. அம்மன் கயிற்றை அறுக்கச் சொன்னவர் யார், ஏன், எந்த ஊர் என்று ஆரம்பித்து, கடைசியில் கயிற்றை முழங்கைக்கு மேலே ஏற்றிக் கட்டி நுனியை ஒட்ட நறுக்குவது என்று சமாதானம் ஆனது. மெஷினைவிட இதற்குத்தான் நேரம் அதிகம் போனது.

பிறகு பெல்ட்டைக் கழற்றினார். உள்பக்கம் ஒரு அம்புக்குறி. மெஷின் ஓடுகிற திசைக்கு நேர் எதிராக நான் மாட்டியிருந்தேன். "அம்பு எதுக்குப் போட்டிருக்கான், அழகுக்கா?" பெல்ட்டின் இரண்டு நுனியையும் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டியிருக்கிறது. தப்பான திசையில் ஓடினால் மரம் அந்த ஒட்டின் விளிம்பில் இடித்து இடித்துப் பிரித்துவிடும். பிரிந்த பெல்ட் எங்கே போய் அடிக்கும் என்று அது ஆளைப் பார்த்துச் சொல்லாது. திருப்பி மாட்டி, கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அப்புறம் பிளக்கை மாட்டி, சுவிட்சைத் தட்டித் தட்டி அணைத்து, பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்குகிறதா என்று பார்த்து, பக்கத்துக் குமிழைக் கால் திருப்புக்கு மேல் போகாமல் திருப்பினார். ரேடியோவில் ஸ்டேஷன் பிடிக்கிற மாதிரி இருந்தது.

பிளக் மறுபடியும் வெளியே. இப்போது டிஸ்கின் முன்னால் இருக்கும் மேஜை. டிஸ்குக்கும் அதற்கும் நடுவில் என் சுண்டுவிரல் நுழைகிற சந்து இருந்தது. மேஜையை நெருக்கி, ஒரு ரூபாய்க் காசை வைத்துப் பார்த்தார். நுழையவில்லை, ஆனால் டிஸ்கும் உரசவில்லை. "இதான் கணக்கு. சந்து பெருசா இருந்தா சின்ன சாமானை உள்ள இழுத்துக்கும், பின்னாடியே விரலும் போவும்."

கடைசியாக சாக்பீஸ் கேட்டார். மேஜையின் நடுவில் ஒரு கோடு கிழித்து, வலது பாதியில் பெரிசாக ஒரு பெருக்கல் குறி போட்டார். எதிரே நின்று பார்த்தால் இந்த டிஸ்க் இடது பக்கம் கீழே இறங்கி, வலது பக்கம் மேலே ஏறுகிற மாதிரி சுற்றுகிறது. இடது பாதியில் வைத்தால் மரத்தை மேஜையோடு அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். வலது பாதியில் வைத்தால் தூக்கி எறியும். ஆயாவின் நெத்திலித் தட்டுக்கு வழி காட்டியது அந்த வலது பாதிதான்.

கணக்குப் பிள்ளை புத்தி சும்மா இருக்குமா? மெஷின் தகட்டில் நிமிஷத்துக்கு 2850 சுற்று என்று போட்டிருந்தது. 6 அங்குல டிஸ்க் என்றால் அதன் விளிம்பு மணிக்குக் கிட்டத்தட்ட 82 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. எங்கள் டி.எச். ரோட்டில், அதாவது திருவொற்றியூர் ஹை ரோட்டில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் எந்த வண்டியும் அந்த வேகத்தை எட்டி நான் பார்த்ததில்லை. அதன் மேல்தான் நான் இரண்டு விரலை வைத்திருக்கிறேன்.

"உள்ளங்கைக்குள்ள அடங்கற சாமானை மெஷின்கிட்ட எடுத்துனு போவாதே" என்றார் மேஸ்திரி. ஸ்ட்ரைக்கர் மாதிரி சமாச்சாரத்துக்கு உப்புத்தாளைக் கண்ணாடி மேல் விரித்து வைத்து, கையால் தேய்த்தால் போதுமாம். வேலைக்கு வேகம் வேண்டும் என்றுதான் மெஷின் வாங்கினேன், அது எந்த வேலைக்கு என்று கேட்க மறந்துவிட்டேன்.

ஸ்டூல் ஒழிந்தது. மேஸ்திரி வீட்டுப் பழைய பெஞ்சில் நாலு போல்ட் போட்டு மெஷினை இறுக்கினோம். கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க். கொரோனா காலத்தில் வாங்கி மிஞ்சியது ஒரு பெட்டி இருந்தது, ஆனால் துணி மாஸ்க் இந்த நைஸ் தூளுக்குப் பத்தாது என்று அவர் ஒதுக்கிவிட்டார். மெஷின் முழு வேகம் பிடித்த பிறகுதான் மரத்தை வைக்க வேண்டும், அதுவும் பெல்ட்டின் கோடியில் இருக்கும் தடுப்பில் முட்டுக் கொடுத்து. முதல் காலை வைத்து அழுத்திப் பிடித்தேன். கறுப்பாக ஒரு கோடு விழுந்து, தீய்ந்த வாசனை வந்தது. பக்கத்து மாடியிலிருந்து ஒரு அக்கா, "யார் வூட்லபா பால் அடி புடிக்குது?" என்று கேட்டார்.

"அமுக்காதே. தோசை மாவு இழுக்கற மாதிரி, நிக்காம போய்னே இரு" என்றார் மேஸ்திரி. அதற்கப்புறம் கை பிடிபட்டது. வெட்டுவாயில் சிலாம்பு சிலாம்பாக நின்ற மரம், நாலு இழுப்பில் பிள்ளையின் கன்னம் மாதிரி ஆனது. பெல்ட்டில் தூள் அடைத்துக்கொண்டால், ஓடும்போதே பழைய ரப்பர் செருப்பின் அடிப்பாகத்தை அதன் மேல் வைத்து இழுக்கச் சொன்னார். அடைத்த தூளெல்லாம் ரப்பரோடு வந்துவிடுகிறது. பழைய செருப்பு என்று நான் எடுத்தது அம்மாவின் வீட்டுச் செருப்பு. அது பழையதில்லை என்று பிறகு தெரிவிக்கப்பட்டது.

பன்னிரண்டு காலும் இரண்டு ஞாயிறில் முடிந்தன. அவ்வளவில் விட்டிருக்கலாம். ஆனால் தெருவில் ஒரு மெஷின் வந்தால் அது தெருவுடைய மெஷின். முதலில் வந்தவர் ஆயா. கையில் அருவாமனை.

"என் நெத்திலியக் கெடுத்தல்ல? இத்த தீட்டிக் குடு."

நியாயம்தானே? வாங்கிக்கொண்டு பெல்ட்டை நோக்கிப் போனேன். மேஸ்திரி கீழே இருந்து இரண்டு படி இரண்டு படியாகத் தாவி வந்தார். எழுபது வயசில் அப்படி ஒரு வேகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. மெஷினில் தூள் சேர்கிற பையை அவிழ்த்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். கழுத்து வரை மாவு மாதிரி மரத்தூள். "இரும்பு பட்டா பொறி பறக்கும். பொறி எங்க போவும்? இங்கதான் போவும். உள்ளயே புகைஞ்சினு இருக்கும், ராத்திரி நீ தூங்கினப்புறம் எரியும்." மர வேலைக்கும் இரும்பு வேலைக்கும் நடுவில் மெஷினை ஒட்ட வழித்துத் துடைத்து, பையைக் கழற்றி, பெல்ட்டையும் மாற்ற வேண்டும் என்றார். பிறகு அருவாமனையைப் பார்த்தார். வளைந்து நிற்கிற அலகு, அடியில் பலகை. "இதுக்கு அதெல்லாம்கூட வேணாம். இத்த புடிச்சிக்கவே எடமில்ல. வைக்காதே."

சைக்கிளில் வரும் சாணைக்காரருக்காக மூன்று நாள் காத்திருந்து, தெருமுனையில் அவரைப் பிடித்து, ஆயாவின் அருவாமனையோடு அக்கம்பக்கத்துக் கத்திகள் ஆறையும் என் செலவில் தீட்டிக் கொடுத்தேன். ஆயா கட்டைவிரலால் கூர் பார்த்துவிட்டு, முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஸ்ட்ரைக்கரை அவிழ்த்துக் கொடுத்தார். கழுவவில்லை.

டிஸ்கில் பட்ட இடம் தட்டையாகப் போயிருந்தது. பௌர்ணமிக்கு இரண்டு நாள் முந்தின சந்திரன் மாதிரி ஒரு வடிவம். பையன் வாங்கி மோந்து பார்த்துவிட்டு என் கையிலேயே திருப்பி வைத்தான். எலுமிச்சம்பழம் தேய்த்தோம், ஷாம்பு போட்டோம், ஒரு ராத்திரி முழுக்க, போர்டில் தூவுகிற போரிக் பவுடர் டப்பாவுக்குள் புதைத்து வைத்தோம். காலையில் ஸ்ட்ரைக்கரில் வாசனை அப்படியே இருந்தது, கூடவே பவுடரிலும் வந்துவிட்டது. அந்த டப்பாவைத் தூவி ஆடிய அன்றைக்குக் கிளப் முழுக்கக் கருவாட்டுக் குழம்பு ஞாபகம்தான், எல்லோரும் சீக்கிரம் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

மூன்று ஸ்டாண்டும் இப்போது ஆடாமல் நிற்கின்றன. ஸ்ட்ரைக்கரை ஜன்னல் திட்டில் போட்டு வைத்திருக்கிறோம். யாரும் அதைத் தொடுவதில்லை. மத்தியானம் கிளப் காலியாக இருக்கும்போது மட்டும் டி.எச். ரோட்டுப் பூனை ஒன்று வந்து, அதை முன்னங்காலால் தட்டித் தட்டிக் கீழே தள்ளி, போர்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டு போகிறது.