மேலாளர் இல்லாத கூட்டம்

எங்கள் தொழிலில், கட்டி முடித்த கட்டடத்தை மறுபடி போய்ப் பார்ப்பவர்கள் குறைவு. போட்டோ எடுக்கும் நாளோடு சரி. இத்தாலியக் கட்டடக்கலைஞர் ஜான்கார்லோ தெ கார்லோ (1919–2005) போய்ப் பார்த்தார். மிலானுக்குப் பக்கத்தில், ஸெஸ்தோ சான் ஜொவான்னியில் 1950 வாக்கில் அவர் கட்டிய குடியிருப்புக்கு எதிரே, ஒரு ஞாயிற்றுக்கிழமை காப்பிக் கடையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். வெயில் வரட்டும் என்று வீடுகளைத் தெற்குப் பார்த்து அமைத்திருந்தார். வடக்கே வெறும் நடைவழி. குடியிருந்தவர்களோ தெற்கு பால்கனியில் துணியைக் காயப்போட்டுவிட்டு, வடக்கு நடைவழியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தெருவையும் ஒருவரையொருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதை அவரே எழுதியும் வைத்தார். எத்தனை பேருக்கு அந்தத் துணிச்சல் வரும்?

அவரைப் பெரும்பாலும் உர்பினோ நகரத் திட்டத்துக்காகவும் அங்கே எழுப்பிய மாணவர் விடுதிகளுக்காகவும்தான் சொல்வார்கள். என்னைப் பிடித்துக்கொண்டது, தெர்னி என்ற ஊரில் அவர் கட்டிய தொழிலாளர் குடியிருப்பு. காரணம் என் வேலை. ஒரு தொழிற்சாலைக் குடியிருப்புக்காகக் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தோம். ஷிப்ட் முடிந்த களைப்போடு தொழிலாளர்கள் பின்வரிசையில், மேலாளர் முன்வரிசையில். யாரும் வாயைத் திறக்கவில்லை. டீ குடிக்க வெளியே வந்தபோதுதான் ஒருவர், "சார், துணி துவைக்க இடமே காட்டலையே" என்றார்.

தெர்னி உருக்காலைத் தொழிலாளர்களுக்கான மத்தியோத்தி குடியிருப்பு வேலை 1969இல் வந்தபோது தெ கார்லோ இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறார். கூட்டம் வேலை நேரத்தில், சம்பளத்தோடு நடக்க வேண்டும். நிர்வாகத்தினர் யாரும் அங்கே இருக்கக் கூடாது. வேறு இடங்களில் கட்டிய வீடுகளின் படங்களையும் காட்சிக்கு வைத்தார். என்னென்ன சாத்தியம் என்று தெரியாதவரிடம் 'என்ன வேண்டும்' என்று கேட்டு என்ன பயன்? தோட்டம் வேண்டும் என்றார்கள். மாடி வீட்டுக்கும் தோட்டம் வந்தது. நடப்பவர்களுக்குத் தனிப் பாதை வந்தது.

அதற்காக அது தொழிலாளர்களே வரைந்த கட்டடம் என்று சொல்லிவிட முடியாது. அந்தக் கான்கிரீட் தெ கார்லோவின் கைதான், பார்த்தாலே தெரியும். எண்ணூறுக்கு மேல் வீடுகள் என்று தொடங்கிய திட்டம், 1975 வாக்கில் 250 அளவில் நின்றுபோனது. பேச்சுவார்த்தைக்கே இவ்வளவு நாள் என்றால் எந்த நிர்வாகத்துக்கும் பொறுமை போய்விடும்.

அப்புறம், அவருடைய இரண்டு நிபந்தனைகளையும் எங்கள் வாடிக்கையாளருக்கு எழுதிப் போட்டோம். வேலை நேரத்தில் கூட்டம் வைக்க ஒத்துக்கொண்டார்கள், அந்த நேரத்துச் சம்பளத்தையும் வெட்டவில்லை. மேலாளர் மட்டும் இருப்பார் என்றார்கள். சரி என்று, பெயர் போட வேண்டாம் எனச் சொல்லி ஆளுக்கொரு தாள் கொடுத்தோம். துவைக்கும் இடம் நிறையப் பேருக்கு வேண்டியிருந்தது. வரைபடத்தில் சேர்த்தாயிற்று, அதற்கான செலவுக் கணக்கு இன்னும் மேலாளர் மேசையில்தான் இருக்கிறது.