பாரம் ஏறவில்லையா? முதலில் தட்டைப் பாருங்கள்

ரொறன்ரோவிலோ லண்டனிலோ வளர்ந்து, வேலைக்கோ கலியாணத்துக்கோ யாழ்ப்பாணம் வந்து குடியேறுகிறவர்களில் ஜிம் பழக்கம் உள்ளவர்கள் முதல் சில மாதங்களில் சொல்லும் முறைப்பாடு ஒன்றுதான்: தூக்கும் பாரம் அப்படியே நிற்கிறது, உடம்போ மெலிகிறது. உடனே பயிற்சி அட்டவணையை மாற்றுவார்கள். அதைத் தொடுமுன் பார்க்கவேண்டியவை வேறு இருக்கின்றன.

முதலாவது, தூக்கும் பாரம் உண்மையிலேயே எவ்வளவு என்பது. கனடாவில் பழகிய, பிளேட் கோர்த்துத் தூக்கும் கம்பி 45 இறாத்தல், அதாவது 20.4 கிலோ. இங்கே சின்ன ஜிம்களில் கிடக்கும் 28 மி.மீ. தடிப்பான 6 அடிக் கம்பி ஒன்பது கிலோவுக்கும் குறைவு. அதையும் 20 கிலோ என்று எண்ணிக் கூட்டினால் பெஞ்சில் படுத்துத் தூக்கும்போது திடீரென்று பலசாலி ஆகிவிட்டது போலத் தோன்றும். வேறு ஜிம்முக்குப் போனதும் அந்தப் பலம் போய்விடும். கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிறை பார்க்கும் மெஷினில் ஏறி, உங்கள் நிறையைக் கழித்து, வரும் எண்ணைக் கொப்பியில் எழுதுங்கள். பழைய எண்களோடு ஒப்பிடவேண்டாம். புதிய ஊரில் புதிய கணக்கு.

அடுத்தது சாப்பாடு. இங்கேதான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். தசை வளர ஒரு கிலோ உடல் நிறைக்கு நாளொன்றுக்குச் சுமார் 1.6 கிராம் புரதம் வேண்டும். 70 கிலோ ஆளுக்கு 112 கிராம். காலையில் புட்டும் சம்பலும், மத்தியானம் சோறு, பருப்பு, இரண்டு மரக்கறி, சின்னதாக ஒரு மீன் துண்டு, இரவில் இடியப்பமும் சொதியும் என்று சாப்பிட்டால் கூட்டிப் பார்க்கும்போது 50 கிராம் அளவில்தான் நிற்கும். வயிறு நிறைந்திருக்கும், ஏனென்றால் நிறைத்தது அரிசியும் தேங்காயும். போதாததற்கு வெக்கை பசியைக் குறைத்துவிடும்.

புட்டை விடவேண்டியதில்லை. காலையில் மூன்று முட்டை சேர்த்தால் 18 கிராம். மத்தியான மீனைச் சமைக்குமுன் நிறையில் 150 கிராம் சதையாக்கினால் 30 கிராம். இரவில் 40 கிராம் சோயா மீற் (காய்ந்த நிறை) 20 கிராம். பின்னேரம் 50 கிராம் கொழுப்பு நீக்காத பால்மாவை இரண்டு கதலிப் பழத்தோடும் 30 கிராம் கச்சானோடும் அடித்துக் குடித்தால் 20 கிராம் புரதமும் 550 கலோரி அளவும் கிடைக்கும். பசி செத்த நாளில் இந்தக் குடிப்புத்தான் கைகொடுக்கும்: மெல்லத் தேவையில்லை, வெக்கையிலும் இறங்கும். 400 கிராம் பால்மாப் பைக்கற் எட்டு நாளுக்கு வரும். வயிறு ஊதினால் பாதி அளவில் தொடங்குங்கள்.

மீன் வாங்கும்போது ஒரு கணக்கு: தலை, முள், குடல் போக முழு மீனில் ஏறத்தாழப் பாதிதான் சதை. நண்டில் அதைவிடக் குறைவு. ருசிக்கு நண்டு, புரதத்துக்குப் பாரையும் சூடையும். பாசையூர், குருநகர்ப் பக்கம் காலையிலேயே போனால் நல்லதாகக் கிடைக்கும். சொந்தக்காரர் வீட்டில் சாப்பிடும்போது வெட்கப்படவேண்டாம். "மாமி, சோறு காணும், மீன் இன்னொரு துண்டு தாங்கோ" என்றால் மாமிக்குச் சந்தோசம்தான்.

கூடுகிறதா என்பதைக் காலையில் மலசலம் கழித்தபின் தினமும் நிறை பார்த்து, ஏழு நாள் சராசரியை வைத்துச் சொல்லுங்கள். 70 கிலோ ஆளுக்குக் கிழமைக்கு 175 முதல் 350 கிராம் ஏறினால் காணும். இரண்டு கிழமைச் சராசரியும் அசையாவிட்டால் 250 கலோரி கூட்டுங்கள்; இரண்டு அகப்பை சோறு அளவுதான். வந்திறங்கிய முதல் இரண்டு கிழமை நிறையை நம்பவேண்டாம். வியர்வை, தண்ணீர், வயிற்றுக் குழப்பம் எல்லாம் சேர்ந்து எண் ஏறி இறங்கும்.

வெக்கைக்கு உடம்பு பழகப் பத்துப் பதினான்கு நாள் எடுக்கும். அதுவரை ஒவ்வொரு செற்றிலும் (இடைவிடாமல் தூக்கும் ஒரு சுற்றிலும்) ஒன்றிரண்டு தரம் குறைந்தால் அது பலவீனம் அல்ல. சித்திரை, வைகாசியில் பின்னேரம் மூன்று மணிக்குத் தகரக் கூரைக்குக் கீழே ஸ்குவாட் (தோளில் பாரத்தோடு குந்தி எழும்பும் பயிற்சி) செய்வது வீண் வேலை. விடிய ஆறு மணி அல்லது இரவு ஏழுக்குப் பிறகு. இடையில் உப்புப் போட்ட மோர் ஒரு செம்பு.

இவ்வளவும் சரியாக இருந்து, நித்திரையும் ஏழு மணித்தியாலம் கிடைத்து, மூன்று கிழமை ஒரே பாரமும் ஒரே எண்ணிக்கையுமாக நின்றால்தான் அதைத் தேக்கம் என்று சொல்லலாம். அப்போது ஒரு கிழமை செற்றுகளைப் பாதியாக்கி, பாரத்தைப் பத்து வீதம் குறையுங்கள். அடுத்த கிழமை, ஐந்து தரம் தூக்கக்கூடிய பாரத்தை எடுத்து, எல்லாச் செற்றிலும் எட்டுத் தரம் வரும்வரை கூட்டாமல் இருங்கள். எட்டு வந்தபின்தான் பாரம் ஏறவேண்டும்.

தலைக்கு மேல் தூக்கும் பயிற்சி எப்போதும் முதலில் தேங்கி நிற்பதற்குக் காரணம் உண்டு. 100 கிலோ ஸ்குவாட்டில் 5 கிலோ என்பது ஐந்து வீதம். 40 கிலோவில் அதே 5 கிலோ பன்னிரண்டரை வீதம். பல ஜிம்களில் ஆகச் சின்னப் பிளேட் 2.5 கிலோ, இரண்டு பக்கமும் போட்டால் ஐந்துதான். லேத் பட்டறையில் சொல்லிச் செய்விக்கலாம்: 10 மி.மீ. இரும்புத் தகட்டில் 10 செ.மீ. விட்டமும் நடுவில் 3 செ.மீ. துளையுமாக வெட்டினால் ஒன்று 560 கிராம் வரும். கம்பியின் முனை 5 செ.மீ. தடிப்பானால் துளை 5.1 செ.மீ., தகடு 12 மி.மீ.; நிறை ஏறத்தாழ அதேதான். ஒரு சோடி உங்கள் பையிலேயே கிடக்கட்டும்.

பின்னேரம் ஒரு பெஞ்சுக்கு நாலு பேர் நிற்கும்போது நாற்பது செக்கனில் அடுத்த செற்றுக்குப் போவதும் தேக்கத்துக்குக் காரணம். பாரமான செற்றுகளுக்கிடையில் மூன்று நிமிடம் வேண்டும். தம்பிமாரோடு மாறி மாறிச் செய்தால் அந்த நேரம் தானாக வரும்.

இனி விரதங்கள். வெள்ளிக்கிழமை மச்சம் இல்லை என்பது சமாளிக்கக்கூடியது. நல்லூர்த் திருவிழா 25 நாள். பல வீடுகளில் குசினிக்குள் முட்டைகூட வராது. அப்போது காலையில் 50 கிராம் பயறு அவித்து 12 கிராம், மத்தியானம் 50 கிராம் சோயா மீற் 25 கிராம், பின்னேரம் 50 கிராம் கடலை 10 கிராம், பால்மா வழமைபோல, இரவில் தயிர். சோயாவை அவித்து நன்றாகப் பிழிந்தபின் குழம்பில் போடுங்கள். பிழியாவிட்டால் உறைப்பு உள்ளே போகாது, ஒருவராலும் இரண்டாம் நாள் தின்ன முடியாது. சோறு, பருப்பில் வருவதையும் சேர்த்தால் கணக்கு நூறு கிராமைச் சுற்றித்தான் நிற்கும். அதனால் தசை கரைந்துவிடாது. அந்த நாட்களில் பழைய பாரத்தைப் பிடித்து வைத்திருங்கள், புதிய பாரத்துக்கு அவசரப்படவேண்டாம். கந்தசஷ்டிக்கு ஒருநேரச் சாப்பாட்டோடு இருப்பவர்கள் அந்த ஆறு நாளையும் செற்றுக் குறைக்கும் கிழமையாக்கிவிடலாம்.

கிரியேட்டின் (பாரம் தூக்கப் பலம் கூட்ட எடுக்கும் பொடி) எடுப்பவர்களுக்கு நாளுக்கு 3 முதல் 5 கிராம் காணும். தொடக்கத்தில் ஏறும் ஒரு கிலோ பெரும்பாலும் தண்ணீர். சராசரியில் அதைத் தசையாக எண்ணவேண்டாம். அதோடு இரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையை அறியப் பார்க்கும் எண்) கொஞ்சம் கூடக் காட்டலாம். அறிக்கை எடுக்கப் போகும்போது டொக்டரிடம் முதலே சொல்லிவிடுங்கள். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் இந்தப் புரத அளவுகளையும் அவரிடம் கேட்டபிறகே தொடங்கவேண்டும்.