21 நாட்களும் கேட்கப்படாத கேள்வியும்

2018-இல் சென்னை–சேலம் எட்டு வழிச் சாலைக்காகக் காவலர் துணையோடு வயல்களில் அளவுக்கல் நடப்பட்டபோது, உழவர்கள் பலரும் கேட்டது, ‘இருக்கிற சாலைகள் போதாதா, ஏன் எங்கள் வழியாக?’ என்பதுதான். இதைக் காது கொடுத்துக் கேட்கக் கடமைப்பட்ட அதிகாரி எவரும் இல்லை என்பது, 1956-ஆம் ஆண்டுத் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தைப் படித்தபோதே எனக்கு உறைத்தது.

அந்தச் சட்டப்படி, நில எடுப்பு அறிவிக்கை வெளியான 21 நாட்களுக்குள் நிலத்தில் உரிமைத் தொடர்பு உள்ளவர் ஆட்சேபனை மனு கொடுக்கலாம். நில எடுப்பு அலுவலர் விசாரித்து அதை ஏற்பார் அல்லது தள்ளுவார். ஆனால் மனு அவரிடம் வரும்போதே சாலையின் தடம் வரையப்பட்டிருக்கும். அந்த வயலில் களையெடுத்துப் பிழைப்பவருக்கோ மனு கொடுக்கவே இடமில்லை. 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் இழப்பீட்டு, மறுவாழ்வு விதிகள் தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் பின்னர் நீட்டிக்கப்பட்டன. மக்களிடம் முன்கூட்டியே கருத்துக் கேட்கும் சமூகத் தாக்க மதிப்பீடு மட்டும் நீட்டிக்கப்படவில்லை. எது விடுபட்டது என்பதைக் கவனியுங்கள்.

முதலில் சென்னை–மதுரை என்றிருந்த திட்டம் 277 கிலோமீட்டர் சென்னை–சேலம் சாலையாக மாறியதன் நியாயம்கூட வழக்கு வந்த பிறகே பொதுவெளியில் அலசப்பட்டது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழல் அனுமதியைப் பணி தொடங்குமுன் பெற்றால் போதும், நில எடுப்பு அறிவிக்கைக்கு முன் தேவையில்லை என்றது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். நிலம் முழுவதும் கைக்கு வந்தபின், அந்த அனுமதிக்காக நடக்கும் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கு என்ன எடை இருக்கும் என்பதே என் ஐயம்.

ஒடிசாவின் நியம்கிரி மலையில் வரிசை வேறாக இருந்தது. 2013-இல் உச்ச நீதிமன்றம், காடுவாழ் மக்களின் உரிமைகளுக்கான வன உரிமைச் சட்டத்தின் அடிப்படையில் கிராம சபைகளிடம் கேட்கச் சொல்ல, 12 ஊர்களும் பாக்சைட் சுரங்கத்தை மறுத்தன. அதன்பின் மத்திய அரசும் அனுமதி மறுத்தது. சமவெளி உழவருக்கு அந்தச் சட்டத்தின் காப்பு இல்லை. ஆனாலும் நியம்கிரியை மேற்கோள் காட்டும்போதெல்லாம் எனக்கொரு நெருடல்: அந்தப் பன்னிரண்டில் ஏழு ஊர்கள் இசைந்து ஐந்து ஊர்கள் மறுத்திருந்தால், அந்த ஐந்தின் மலையை என்ன செய்திருப்போம்?