போல்ட் மேல இருக்குற கோடு என்ன சொல்லுது

1942ல ரஷ்யாவோட இஷெவ்ஸ்க் ஃபேக்டரில செஞ்ச மொசின் நகாண்ட் ரைஃபிள் ஒன்னோட க்ளோசப் போட்டோவ தேடிப் பாருங்க. ரிசீவர், அதாவது பேரலுக்குப் பின்னாடி இருக்குற கூடு, அதுமேல டூல் ஓடுன தடம் வரிவரியா அப்படியே நிக்கும், அதுக்குள்ள முன்னும் பின்னும் நகர்ந்து தோட்டாவ அடைச்சுப் பூட்டுற போல்ட்லயும் ஃபினிஷிங் கட்டே போடாத மாதிரி இருக்கும். எங்க கோயம்புத்தூர் கணபதி ஏரியால ஒரு ஜாப்ப இந்த லட்சணத்துல அனுப்புனா டெலிவரி சலானோட வண்டி திரும்பி வந்துரும். அதனால லேத் வேலை தெரிஞ்சவங்க இத முதல்ல பாத்ததும் சொல்றது "என்னய்யா இவ்ளோ மட்டமா இருக்கு"ன்னுதான். ஆனா அந்தக் கோடு மட்டமான வேலைக்கு சாட்சி இல்லைங்குறதுதான் நான் சொல்ல வர்றது, கோடு எந்த இடத்துல இருக்குன்னு பாக்காம எதுவும் பேசக்கூடாது.

முதல்ல ஏன் அப்படி விட்டாங்க. 1941 ஜூன்ல ஜெர்மனி உள்ள நுழைஞ்சிருச்சு, இன்னொரு ரைஃபிள் ஃபேக்டரியான துலாவ மெஷினோட கழட்டி கிழக்கு பக்கம் கொண்டு போக வேண்டியதாயிருச்சு, பாரம் மொத்தமும் இஷெவ்ஸ்க் தலைல. 1942 ஒரே வருஷத்துல சுமார் 30 லட்சம் ரைஃபிள் அங்கருந்து போயிருக்கு. இப்ப கணக்கு போடுங்க, ஒரு சுத்துக்கு டூல் 0.1 மில்லிமீட்டர் நகர்ற மாதிரி ஃபீடு வச்சு ஓட்டுறதுக்கும் 0.4 வச்சு ஓட்டுறதுக்கும் அதே ஸ்பீடுல நேரம் நாலுல ஒரு பங்கு, அதுக்கு மேல பாலிஷ் வேலையும் மிச்சம். அந்த மிச்சமான நிமிஷம்தான் அடுத்த ரைஃபிள். டூல் மொண்ணையானாலும் உடனே எறக்கி கிரைண்ட் பண்ணியிருக்க மாட்டாங்க, சில துண்டுல பிச்சு எடுத்த மாதிரி இருக்குற சர்ஃபேஸ் அதத்தான் சொல்லுது.

தடத்த படிக்கிறது பெரிய வித்தை இல்ல. சுத்தி வளையம் வளையமா இருந்தா டர்னிங், அதாவது லேத்ல ஜாப்ப சுத்த விட்டு வெட்டுனது, பிறை பிறையா ஒன்னு மேல ஒன்னு ஏறியிருந்தா எண்ட் மில்ங்குற சுத்துற கட்டர், நேர்கோடா ஒரே பக்கம் ஓடுனா அரம் இல்லன்னா முன்னும் பின்னும் ஓடி வெட்டுற ஷேப்பர் மாதிரி ஏதோ ஒன்னு, அலை அலையா இருந்தா சாட்டர், அதாவது ஜாப்போ டூலோ ஆடியிருக்கு. ரைஃபிள் போல்ட்ல எனக்கு ரொம்ப புடிச்ச இடம் ஹேண்டிலோட வேர்ப்பகுதி. பெரும்பாலான பழைய போல்ட்ல ஹேண்டிலும் பாடியும் ஒரே ஃபோர்ஜிங், அதாவது பழுக்க காய்ச்சி அடிச்ச ஒரே துண்டு. உருளையா இருக்குற பாடிய ஒரு நீளம் வரைக்கும் சுத்தி எடுத்துரலாம், ஹேண்டில் குறுக்க நிக்குற இடத்துல டூல் போகாது, அங்க மில்லிங் கட்டர் வச்சு கொஞ்சம் கொஞ்சமாத்தான் எடுக்கணும். அதனால வளையக்கோடு ஓடிட்டு வந்து ஹேண்டில்கிட்ட டக்குன்னு திசை மாறும். எந்த மெஷின் எங்க வேலைய முடிச்சுச்சு, அடுத்தது எங்க ஆரம்பிச்சுச்சுன்னு எல்லாம் அந்த ஒரு இன்ச்ல தெரிஞ்சிரும்.

சரி, கோடு எங்க இருந்தா பயப்படணும்? லக்ல, அதாவது போல்ட்லருந்து வெளிய நீட்டிட்டு ரிசீவர்ல பூட்டிக்கிற முண்டுல. தோட்டா வெடிக்கும்போது வர்ற மொத்த உதையையும் வாங்கிக்கிறது போல்ட்டோட லக்தான், மொசின்ல அது முன்னாடி தனியா கழட்டுற போல்ட் ஹெட்ல ரெண்டா இருக்கும். அந்த லக்கோட பின்பக்க முகம் ரிசீவர்ல முழுசா உக்காரணும். ஒரு பக்கம் மட்டும் மேடா நின்னு பாரம் தாங்குச்சுன்னா அந்த லக்குக்கு ரெட்டைச் சுமை. நம்ம ஊர்ல டை வேலைக்கு புளூ மேட்சிங் பண்ணுவோம்ல, நீலத்த தடவி ஒட்டுற இடத்த பாக்குறது, லக்குக்கும் அதேதான். வெளிய கரடுமுரடா இருக்குற அந்த 1942 ரைஃபிள்லயும் இந்த மாதிரி பாரம் தாங்குற இடத்துல அவ்ளோ அலட்சியம் இருக்காது, மிச்சம் புடிச்சதெல்லாம் கண்ணுக்குத் தெரியுற இடத்துலதான்.

நம்ம போலீஸ் தோள்ல ரொம்ப வருஷம் பாத்த த்ரீ நாட் த்ரீ, அதாவது லீ என்ஃபீல்டு, இதுல வேற ரகம். லக் பின்னாடி இருக்கும், போல்ட் ஹெட் திருகி மாட்டுறது. இந்தியால வங்காளத்து இச்சாப்பூர் ஃபேக்டரில அடிச்சது பழைய நம்பர் 1 மாடல், அதுக்கு அப்புறம் வந்த நம்பர் 4 மாடல்ல போல்ட் ஹெட்டயே 0, 1, 2, 3ன்னு நாலு சைஸ்ல நம்பர் அடிச்சு கொடுத்தாங்க. நம்பர் ஏற ஏற நீளம் ஜாஸ்தி. தேய்ஞ்சு போய் ஹெட்ஸ்பேஸ், அதாவது போல்ட் முகத்துக்கு முன்னாடி தோட்டாவோட விளிம்பு உக்கார விடுற இடைவெளி, 0.074 இஞ்ச் கேஜ தாண்டுச்சுன்னா அடுத்த நம்பர மாட்டி சரி பண்ணலாம். பழைய போல்ட்ல 3ன்னு பாத்தா ஒன்னு நல்லா தேய்ஞ்சது, இல்லன்னா ஆரம்பத்துலயே டாலரன்ஸ் அந்த ஓரமா விழுந்தது, ரெண்டுல எதுன்னு நம்பர மட்டும் வச்சு சொல்ல முடியாது.

இதுக்கு நேரெதிரா ஒரு கதை. அமெரிக்காவோட 1903 ஸ்பிரிங்ஃபீல்டு. பாலிஷ்னா பாலிஷ், கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கும். 1917ல சில ரைஃபிள் ரிசீவர் உடைஞ்சு சிதறுனப்ப விசாரிச்சாங்க. ஃபோர்ஜ்ல இரும்ப எவ்ளோ சூடு பண்ணணும்ங்குறத ஆளுங்க கலர பாத்து கண்ணாலயே முடிவு பண்ணிட்டு இருந்திருக்காங்க! வெயில் நல்லா அடிக்கிற நாள்ல பழுத்த இரும்பு மங்கலா தெரியும், இன்னும் சூடு ஏறலன்னு நினைச்சு விட்டுருவாங்க, மேகமூட்டமான நாளுக்கும் அதுக்கும் 300 டிகிரி ஃபாரன்ஹீட் வரைக்கும் வித்தியாசம் வந்திருக்கு. ஸ்டீல் கருகி உள்ள க்ரெய்ன், அதாவது உலோகத்தோட மணி, பெருத்து கண்ணாடி மாதிரி உடையுறதா ஆயிருச்சு. அப்புறம்தான் சூட்ட அளக்குற பைரோமீட்டர் வச்சாங்க, ஹீட் ட்ரீட்மென்ட்டயும் மாத்துனாங்க. ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரில 8,00,000க்கு கீழ, ராக் ஐலண்டுல 2,85,507க்கு கீழ நம்பர் இருந்தா சுடாதீங்கன்னு இன்னிக்கும் சொல்றாங்க. எந்த லென்ஸ வச்சுப் பாத்தாலும் வெளிய ஒரு கோடு கூட கிடையாது அதுக்கு.

இன்னொரு பக்கம் போல்ட்டோட முன் முகம். தோட்டாவோட அடி வந்து ஒட்டுற இடம். வெடிக்கும்போது பிரைமர், அதாவது தோட்டா அடில ஊசி தட்டுனதும் தீப்பத்துற சின்ன மூடி, பின்னாடி தள்ளி அந்த முகத்துல அமுங்கும், பிரைமர் மெத்துன்னு இருக்குற உலோகம், அதனால முகத்துல இருக்குற டூல் கோடெல்லாம் அதுல அச்சு விழுந்துரும். 1925 வாக்குல நியூயார்க்ல துப்பாக்கித் தடயம் ஆராயுற கால்வின் கோடார்டும் கூட்டாளிங்களும் ரெண்டு கேஸ, அதாவது சுட்ட தோட்டாவோட காலி கூட்ட, ஒரே பார்வைல ஒட்டிப் பாக்க கம்பேரிசன் மைக்ரோஸ்கோப்ப பயன்படுத்த ஆரம்பிச்சாங்க, 1929 சிகாகோ காதலர் தின கொலைல 70 காலி கேஸ் வரைக்கும் கிடைச்சத கடைசில ஃப்ரெட் பர்க்குங்குற ரவுடி வீட்டுல புடிச்ச தாம்சன் துப்பாக்கிகளோட கோடார்டுதான் பொருத்திக் காட்டுனார்.

ஆனா லேத் ஆளா எனக்கு இங்க ஒரு கேள்வி உறுத்தும். ஒரே கட்டர்ல அடுத்தடுத்து பத்து போல்ட் முகம் வெட்டுனா, கட்டர்ல இருக்குற பல்லுடைசல் பத்துலயும் ஒரே மாதிரி கோடு போடுமே, அப்ப எந்த போல்ட்னு எப்படி சொல்றது? ஃபாரன்சிக் ஆளுங்களுக்கு இது நல்லாவே தெரியும், இதுக்கு சப்க்ளாஸ்னு தனிப் பேரே வச்சிருக்காங்க. அதனால கேஸ மட்டும் பாக்காம போல்ட் முகத்தயே மைக்ரோஸ்கோப்ல வச்சு பாப்பாங்க. ஒரு கோடு முகத்தோட இந்த ஓரத்துலருந்து அந்த ஓரம் வரைக்கும் மாறாம ஓடுனா அது கட்டரோடதா இருக்கலாம், அடுத்த போல்ட்லயும் இருக்கலாம், அத நம்பி அடையாளம் சொல்ல மாட்டாங்க. வெட்டுன இரும்புத் துணுக்கு இடைல சிக்கி கீறுனது, அரம் போட்டு பிசிறு எடுத்தப்ப விழுந்தது, துருப்புள்ளி, இப்படி ஒழுங்கில்லாம அங்கங்க இருக்குறதத்தான் அந்த ஒரு போல்ட்டுக்கு மட்டும் சொந்தம்னு எடுத்துக்குவாங்க.