மரவள்ளி ஸ்டார்ச்சும் வாழை நாரும்: மண்ணிலேயே மக்கும் நாற்றுக் கிண்ணம்

நாற்றுப் பண்ணையிலிருந்து வரும் கன்றுகள் பெரும்பாலும் கறுப்புப் பாலித்தீன் பையில்தான் வருகின்றன. நடும்போது பையைக் கிழித்து எறிகிறோம். கன்றோடு சேர்த்து அப்படியே குழியில் வைத்துவிடக்கூடிய கிண்ணம் ஒன்று செய்ய வேண்டும் என்றுதான் இந்த வேலையில் இறங்கினேன். தாவர மாவுச்சத்திலிருந்து செய்யப்படும் மக்கும் பிளாஸ்டிக்கான பிஎல்ஏ எனக்கு ஒத்துவராது. அது ஒழுங்காக மக்க 60 டிகிரி அளவுக்குச் சூடு நிற்கும் பெரிய உரக்கூடம் வேண்டும். தோட்டத்து மண்ணில் போட்டால் நெடுநாள் அப்படியே கிடக்கும். அதனால் மரவள்ளி ஸ்டார்ச்சை எடுத்துக்கொண்டேன். சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி ஆலைகள் நிறைய இருப்பதால் அதற்குப் பஞ்சமில்லை.

கலவை இதுதான்: ஸ்டார்ச் 50 கிராம், தண்ணீர் 300 மில்லி, கிளிசரின் 15 கிராம், வினிகர் இரண்டு டீஸ்பூன். சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருந்தால் 65-70 டிகிரி வாக்கில் வெள்ளைக் கரைசல் தெளிந்து பசையாகும். ஸ்டார்ச்சின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து அவை நகர இடம் கொடுப்பது கிளிசரின். அது குறைந்தால் காய்ந்த தகடு நொறுங்கும், கூடினால் தொய்ந்து பிசுபிசுக்கும். பலத்துக்காக இதில் சேர்க்கும் நாரின் விளைவு மட்டும் தனியாகத் தெரிய வேண்டும் என்பதால் கிளிசரின் அளவை நான் மாற்றவே இல்லை.

நார் சேர்க்காமல் ஊற்றிய தகடு காயும்போதே சுருங்கி, நடுவில் விரிசல் விட்டு, ஓரங்கள் சுருண்டுகொண்டன. மண்சுவர் வைப்பவர்கள் சேற்றில் வைக்கோலை மிதித்துக் கலப்பதும் இப்படி விரிசல் விடாமல் இருக்கத்தான்.

நாருக்கு முதலில் நினைவுக்கு வருவது தேங்காய் நார். ஆனால் அதில் லிக்னின் (மரத்தில் நார்களைப் பிணைக்கும் பொருள்) 40 சதவீதத்துக்கு மேல், நாருக்கு விறைப்புத் தரும் செல்லுலோஸ் குறைவு. இழுத்தால் நீண்டு கொடுக்கும். வாழை நாரில் செல்லுலோஸ் 60 சதவீதத்துக்கு மேல் என்பதால் விறைப்பு அதிகம். குலை வெட்டிய மரம் எப்படியும் தோப்பில் வெட்டிச் சாய்க்கப்படுகிறது. மட்டையை உரித்துப் பலகையில் வைத்து, கத்தியின் மழுங்கிய பக்கத்தால் சுரண்டினால் சதை போய் நார் நிற்கும். ஸ்டார்ச், செல்லுலோஸ் இரண்டுமே குளுக்கோஸ் சங்கிலிகள். இரண்டிலும் ஹைட்ராக்சில் தொகுதிகள் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த OH முனைகள்) நிறைய இருப்பதால், அவற்றுக்கிடையே உண்டாகும் ஈர்ப்பான ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று நன்றாகப் பிடித்துக்கொள்ளும். தண்ணீரை ஒதுக்கும் பிஎல்ஏவில் இதே நார் இவ்வளவு எளிதாக ஒட்டாது. எனக்கு இந்த ஜோடி பிடித்துப்போனதே இதனால்தான்.

நாரின் மேல் மெழுகும் பிசினும் இருக்கும். ஆய்வகங்களில் 5 சதவீதக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்து அதைப் போக்குவார்கள். வீட்டில் அது வேண்டாம். கையும் கண்ணும் முக்கியம். சலவைச் சோடாவில் கொதிக்கவைத்தேன். தண்ணீர் பழுப்பானது, நார் பிரிந்து சொரசொரப்பானது. தண்ணீர் தெளியும்வரை அலசிக் காயவைத்தேன்.

அப்புறம்தான் நீளம். இதில்தான் விஷயமே இருக்கிறது. 3 மில்லிமீட்டராக நறுக்கிப் போட்ட தகடு உடைந்தபோது, உடைந்த விளிம்பில் நார்முனைகள் முழுசாக நீட்டிக்கொண்டிருந்தன. அதாவது நார் அறவில்லை, உருவிக்கொண்டு வந்திருக்கிறது. பசை பிடித்துக்கொள்ளப் போதிய நீளம் இல்லை. 3 சென்டிமீட்டர் நாரோ கிண்டும்போதே கரண்டியில் சுற்றி உருண்டையானது. உருண்டை இருந்த இடத்தில் தகடு ஓட்டை விட்டது. ஒரு சென்டிமீட்டர் சரியாக அமைந்தது. ஸ்டார்ச் எடையில் பத்தில் ஒரு பங்கு நாரை முதலில் தண்ணீரில் நன்றாக உதிர்த்துவிட்டு, அந்தத் தண்ணீரிலேயே மாவைக் கரைத்தால் சீராகப் பரவுகிறது. இன்னும் நிறைய நார் போட்டால் இன்னும் பலம் வரும் என்று தோன்றும். வராது. நாரை நனைக்கப் பசை போதாமல் இடையிடையே காற்று தங்கிவிடுகிறது.

இரண்டு சென்டிமீட்டர் அகலப் பட்டைகளாக வெட்டி, வாளியைத் தொங்கவிட்டுத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். நாரில்லாத பட்டை இரண்டு லிட்டர் சேர்வதற்குள் இழுபட்டு நீண்டது. நாருள்ளது ஐந்து லிட்டரைத் தாங்கியது. நார் ஒரே திசையில் படிந்த பட்டைகள் நீளவாக்கில் உறுதியாக இருந்தாலும் குறுக்கே சட்டென்று கிழிந்தன. அதனால் கிண்ணத்துக்கு இரண்டு அடுக்கு: கவிழ்த்த எவர்சில்வர் டம்ளரில் எண்ணெய் தடவி, முதல் அடுக்கை மேலிருந்து கீழாகவும் அடுத்ததைச் சுற்றுவாக்கிலும் நீவி ஒட்டுகிறேன். வெயிலில் வைத்தால் மேல்பக்கம் மட்டும் முந்திக் காய்ந்து கோணிக்கொள்ளும். நிழலில் மெதுவாகக் காய்வதே நல்லது.

இப்போதைய நிலவரம்: கத்தரி நாற்று வைத்த கிண்ணங்களின் சுவர் நிற்கிறது, அடிப்பாகம் தண்ணீர் ஊற்ற ஊற்ற இளகுகிறது. நார் ஈரம் உறிஞ்சுவதைக் குறைக்கிறது, ஆனால் ஸ்டார்ச்சின் குணத்தை மாற்றிவிடாது. அடுத்த தொகுதியில் உள்பக்கம் மட்டும் உருக்கிய தேன்மெழுகை மெல்லிதாகப் பூசி, வெளிப்பக்கத்தை மண்ணுக்காக அப்படியே விடப்போகிறேன். அடியில் வடிகால் துளையைப் பசை ஈரமாக இருக்கும்போதே போட வேண்டும். காய்ந்தபின் குத்தினால் நார் அறுபட்டு அங்கிருந்தே கிழிசல் தொடங்குகிறது.