பன்னிரண்டு பிரேம்கள்

"இதில் ஒரு பன்னிரண்டு பிரேம் எடுத்துவிடலாமா அண்ணா?" என்று கேட்ட அந்த இளம் படத்தொகுப்பாளர், என் பதிலுக்குக் காத்திராமல் எடுத்தும்விட்டார்.

நொடிக்கு 24 பிரேம்கள், அதாவது 24 தனித்தனிப் படங்கள், என்ற கணக்கில் அது அரை நொடிதான்.

மகனை வழியனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திய தாய் நம் பக்கம் திரும்பும் அந்த அரை நொடி போனதும், கதவில் பதிந்திருந்த அவளுடைய கை மட்டும் திரையில் எஞ்சியது. இவ்வளவு நாளாக முகத்தில் தேடிய துயரத்தை அந்தக் கையில் கண்டேன். அவள் திரும்பிப் பார்ப்பதை விவரித்துத் திரைக்கதையில் ஒரு முழுப் பத்தி எழுதியவன் நான்.

1979-இல் வெளிவந்த 'அபோகலிப்ஸ் நவ்' படத்தின் தொகுப்பாளர்களில் ஒருவரான வால்டர் மர்ச், நின்றுகொண்டே படம் தொகுப்பவர். அந்தப் படத்துக்காக எடுக்கப்பட்ட பிலிம் சுமார் 12.5 லட்சம் அடி, அதாவது 230 மணி நேரத்துக்கும் மேல். திரையில் வந்த ஒவ்வொரு நிமிடத்துக்கும் 95 நிமிடங்கள் வெளியே நின்றுவிட்டன என்று அவர் கணக்கிட்டிருக்கிறார். தொகுப்பாளர் ஒருவர் ஒரு நாளில் செய்த வெட்டுகள், இறுதிப் படத்தை வைத்துப் பார்த்தால், சராசரியாக 1.47 மட்டுமே. மீதி உழைப்பெல்லாம் இணைத்துப் பார்த்து, பிரித்து, மீண்டும் இணைப்பதில் கரைந்தது.

வீடு திரும்பியதும், ஒரு வாரமாக முடியாமல் கிடக்கும் என் கட்டுரையைத் திறந்தேன். மூன்று மாலைகள் செலவிட்டு எழுதிய முதல் பத்தியை மறைத்துவிட்டு வாசித்தபோது, கட்டுரை இரண்டாம் பத்தியிலேயே இயல்பாகத் தொடங்குவது தெரிந்தது. நீக்கிவிட்டேன்.

'மிகவும்' என்ற சொல் இன்னும் நான்கு இடங்களில் இருக்கிறது. நாளைக் காலை மறுபடி வாசிக்க வேண்டும்.